நீலத் துணி ஏறிய துறை

நுழையும்முன்

கடற்கரையையும் வண்ணச் சுவர்களையும் காணப் புதுச்சேரிக்குச் செல்வோர் பலர். அந்தத் துறைமுகம் எதனால் வளர்ந்தது, யாருடைய உழைப்பால் வளர்ந்தது என்னும் வினாக்களோடு நடப்போருக்கு அதன் வீதிகள் வேறு செய்திகளையும் சொல்லும். சேலத்து நெசவாளர் ஒருவரும், மேல்நிலை வகுப்பில் பயிலும் அவர் மகளும் விடுமுறையில் மேற்கொண்ட ஒருநாள் பயணம் அத்தகையது.

அலையும் சலங்கும்

சேலத்தை அடுத்த இளம்பிள்ளையில் தறியோசை ஓய்வதில்லை. அவ்வூரிலிருந்து புறப்பட்டு, ஆத்தூர், கள்ளக்குறிச்சி, விழுப்புரம் வழியே இரவெல்லாம் பயணம் செய்த இருவரும் விடியற்காலையில் புதுவைக் கடற்கரையில் நின்றனர். 1836இல் ஒளியேற்றப்பட்ட பழைய கலங்கரை விளக்கத்தையும், காந்தியடிகள் சிலையையும் கண்டு நடந்தனர்.

கப்பல்கள் கரையை ஒட்டி நிற்கும் ஆழமான இயற்கைத் துறை இங்கு இல்லை. அவை தொலைவில் நங்கூரமிட்டு நிற்க, சலங்கு என்னும் படகுகளே அலைகளைக் கடந்து சரக்கையும் மக்களையும் ஏற்றி இறக்கின. பின்னாளில் கட்டப்பட்ட இரும்புப் பாலமும் 1952ஆம் ஆண்டுப் புயலில் சிதைந்தது.

“இங்கேயிருந்து என்ன சரக்கு போச்சு, கண்ணு?” என்று தந்தை கேட்டார்.

“துணிதான் அப்பா. நம்ம ஊருல நெய்யிற மாதிரிப் பருத்தித் துணி.”

அதன்பின் அவர் அந்நகரைப் பார்த்த பார்வை மாறியது.

தொட்டியும் துணியும்

அருங்காட்சியகத்தில் அரிக்கமேட்டு மணிகளும் உரோமானிய மண்கலத் துண்டுகளும் உள்ளன. 1945இல் அங்கு அகழாய்வு செய்த மார்டிமர் வீலர், வெளிப்பட்ட செங்கல் தொட்டிகள் துணிக்குச் சாயமேற்றப் பயன்பட்டவை எனக் கருதினார். பின்வந்த ஆய்வாளர் சிலர் அதனை ஐயுற்றனர். எனினும் சாயத் தொட்டி என்ற சொல் தந்தையை அவ்விடத்தில் நெடுநேரம் நிறுத்தியது.

1674இல் பிரான்சுவா மர்த்தேன் இங்குக் கால்பதித்த காலந்தொட்டுப் பிரெஞ்சு வணிகத்தின் முதன்மைப் பொருளாக விளங்கியது பருத்தித் துணியே. அவுரிச் சாயம் ஏற்றிய நீலத் துணி ‘கினே’ என்னும் பெயரில் மேற்கு ஆப்பிரிக்காவின் செனகல் வரை சென்றது. அங்கு அதைக் கொடுத்துப் பிசினை வாங்கினர். மனிதரை விலைக்கு வாங்கிய கொடிய வணிகத்திலும் இந்தியத் துணி பண்டமாற்றுப் பொருளாயிற்று. நெய்த கை அறியாத பாவம் அது.

நாட்குறிப்பில் இல்லாதவர்

பெரிய அங்காடியை அடுத்துள்ளது ஆனந்தரங்கர் மாளிகை. ஆளுநர் துய்ப்ளேயின் துபாஷியாகவும் துணி வணிகராகவும் விளங்கிய அவர், 1736 முதல் 1761 வரை எழுதிய நாட்குறிப்பில் கப்பல்களின் வரவையும், சரக்கின் விலையையும், ஆளுநர் மாளிகைப் பேச்சையும் பதிவு செய்தார். அவர் மறைந்த சில நாள்களில் நகரம் ஆங்கிலேயரிடம் வீழ்ந்தது, கோட்டை இடிக்கப்பட்டது. கோட்டை அழிந்தாலும் எழுத்து நிலைத்தது.

மகள் இவற்றைச் சொல்லி முடித்ததும் தந்தை, “துணி வித்தவரு பேரு இருக்கு. நெஞ்சவங்க பேரு இருக்கா?” என்றார். அவளிடம் விடை இல்லை.

கால்வாயைக் கடந்து

வெள்ளையர் பகுதியையும் தமிழர் பகுதியையும் பிரித்த கால்வாய் இன்றும் நகரின் ஊடே ஓடுகிறது. துணி ஏறிய இத்துறையிலிருந்து 19ஆம் நூற்றாண்டில் மனிதரும் ஏறினர். ரீயூனியன், மார்த்தினிக், குவாதலூப் தீவுகளின் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாகச் சென்ற தமிழர் பலர் திரும்பவில்லை. பிஜித் தீவுத் தோட்டங்களில் வாடிய பெண்களுக்காகக் கண்ணீர் பெருகப் பாடிய பாரதியார், 1908 முதல் 1918 வரை வாழ்ந்ததும் இந்நகரில்தான். அவர் வாழ்ந்த இல்லத்தையும் இருவரும் கண்டனர்.

இயந்திர ஆலைகள் வந்தபின் நெசவுத் தொழிலாளர் ஒன்றுகூடிக் குரல் எழுப்பினர். உரிமை கேட்டுப் போராடிய ஆலைத் தொழிலாளர் 12 பேர் 1936 ஜூலை 30 அன்று துப்பாக்கிச் சூட்டில் மாண்டனர். வ. சுப்பையா முன்னின்று நடத்திய அப்போராட்டத்தின் பயனாக, அடுத்த ஆண்டே எட்டுமணி நேர வேலை சட்டமாயிற்று. இதைக் கேட்ட தந்தை, “எட்டுமணி நேரமா!” என்று வியந்தார். அவருடைய தறிக்கு அத்தகைய கணக்கு இருந்ததில்லை.

திரும்பும் பேருந்தில் மகள் குறிப்பேட்டைத் திறந்து, பாட்டனாரின் பெயரையும் அவர் நெய்த துணி வகைகளையும் கேட்டாள். தந்தை ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல எழுதினாள். விழுப்புரம் கடப்பதற்குள் மூன்று பக்கங்கள் நிறைந்தன.

கற்பவை கற்றபின்

உங்கள் ஊரில் நெடுங்காலமாக ஒரு தொழிலைச் செய்துவரும் முதியவர் ஒருவரைக் கண்டு உரையாடுக. அவர் பெயர், தொழிற்கருவிகள், தொழிற்சொற்கள் ஆகியவற்றை நாளிட்டுப் பதிவு செய்க.