பையிலே இரண்டு நிறைகற்கள்



சில ஆண்டுகளுக்கு முன், ஊழியத்திற்காக நான் ஓட்டிவந்த பழைய புல்லட் மழையில் சறுக்கி விழுந்தது. கர்த்தருடைய கிருபையால் எனக்குக் காயமில்லை. வேகமானி மட்டும் நொறுங்கிப்போயிற்று. அப்பொழுது அது 62,000 கிலோமீட்டர் காட்டியது.

மெக்கானிக் தம்பி, வேறோர் ஆண்டில் வந்த வண்டியிலிருந்து கழற்றி வைத்திருந்த மீட்டரைப் பொருத்தினார். “ஐயா, இது வேற வருஷத்து மீட்டர், கணக்கைச் சரிபார்த்துக்குங்க” என்றார். முகப்பு ஒன்றுபோலவே இருந்தது. முள்ளும் சீராக எழுந்தது. அதில் இருந்த எண்ணோ 21,000.

தேசிய நெடுஞ்சாலையில், மஞ்சள் தலையுள்ள கிலோமீட்டர் கற்களை எண்ணிப் பார்த்தேன். பத்துக் கிலோமீட்டர் கடந்தபோது மீட்டர் ஒன்பதே காட்டியது. காரணம் எளியது. முன்சக்கரத்துப் பல்சக்கரம் ஒரு கேபிளைச் சுழற்றுகிறது. அந்தக் கேபிள் மீட்டருக்குள் ஒரு காந்தத்தைச் சுழற்றி முள்ளை நகர்த்துகிறது. தூர எண்களையும் அதுவே திருப்புகிறது. ஒரு கிலோமீட்டருக்குக் கேபிள் இத்தனை சுற்று என்று கணக்கிட்டே ஒவ்வொரு மீட்டரும் செய்யப்படுகிறது. ஆயிரம் சுற்றை எதிர்பார்க்கும் மீட்டருக்குத் தொள்ளாயிரமே கிடைத்தால், பத்து ஒன்பதாகும். 60 கிலோமீட்டர் வேகம் 54 என்று தோன்றும். தான் பொய் சொல்வதை முள் அறியாது. வெளியே அசையாது நிற்கும் கல்லே அதை உணர்த்த வேண்டும்.

இதை அறிந்தும் நான் மீட்டரை மாற்றவில்லை. பின்னர் வண்டியை விற்க முற்பட்டபோது, பக்கத்து ஊர்ச் சகோதரர் ஒருவர் வந்தார். மீட்டர் 26,400 காட்டியது. “இவ்வளவுதான் ஓடியிருக்கா, ஐயா?” என்று கேட்டார். வண்டி உண்மையில் ஓடியது ஏறத்தாழ 68,000. நான் புன்னகைத்தேன்; பதில் சொல்லவில்லை. அவர் கேட்ட விலையைக் கொடுத்துவிட்டுச் சென்றார்.

அன்றிரவு குடும்ப ஜெபத்தில், வரிசையாக வாசித்துவந்த உபாகமத்தில் 25-ஆம் அதிகாரம் வந்தது. பையிலே பெரிதும் சிறிதுமாக இருவகை நிறைகற்களை வைத்திராதே என்று தேவன் இஸ்ரவேலுக்குக் கட்டளையிட்ட பகுதி அது. என் குரல் தடுமாறிற்று. நான் பொய் பேசவில்லை என்று அதுவரை எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். மீட்டரைப் பேசவிட்டு நான் மௌனமாயிருந்தேன், அவ்வளவே!

மறுநாள் காலை அவர் வீட்டிற்குச் சென்று எல்லாவற்றையும் சொன்னேன். அவர் வண்டியைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். நானும் பணத்தைத் திருப்பிக் கொடுத்தேன். பிறகு உண்மையைச் சொல்லி, வேறொருவருக்குக் குறைந்த விலைக்கு விற்றேன். அந்தச் சகோதரர் இன்றும் என்னை முன்போல் முகமலர்ந்து பார்ப்பதில்லை. அதைச் சுமப்பதே எனக்குத் தகும்.

பிரியமானவர்களே, நம்மை நாம் அளக்கும் அளவு எங்கிருந்து வந்தது? அயலானோடு ஒப்பிட்டுப் பார்த்தால் நம் முள் எப்போதும் நிதானமான வேகத்தையே காட்டும். வசனமோ, சாலையோரக் கல்லைப்போல் நகராமல் நிற்கிறது. இந்த வாரம் அதன் அருகே சற்று நின்று எண்ணிப் பாருங்கள். யாரிடமாவது மௌனத்தால் லாபம் பெற்றிருந்தால், தாமதியாமல் போய்ச் சொல்லுங்கள்.

கர்த்தர் தாமே நமக்கு உத்தம இருதயத்தைத் தருவாராக. ஆமென்.