கல்லுக்கு அடியில்: இடுக்கி நாட்குறிப்பு

10 பிப்ரவரி 2024, சனி. கட்டப்பனை

இடுக்கி அணைகளுக்குக் கீழே ஆற்றுப்பூச்சிகள் என்ன ஆயின என்று பார்க்க, கம்பத்திலிருந்து கம்பம்மெட்டு வழியாக ஏறி வந்தோம். கூட வந்தவன் முருகேசன். விலங்கியல் படிக்கிற பையன்.

அணை இல்லாத ஓடை ஒன்றை முதலில் பார்த்துவிட வேண்டும். இல்லாவிட்டால் அணைக்குக் கீழே காணாமல் போனது எது என்றே தெரியாது. ஏலத்தோட்டத்துக்குள் ஓடுவது உதவாது. அங்கே அடிக்கிற மருந்தில் பூச்சி செத்திருக்கும், பழி அணைமேல் விழும். காட்டிலிருந்து இறங்கும் ஓடையாகப் பார்த்துப் பிடித்தோம்.

முருகேசன் வலையைப் பிடித்துக்கொள்ள, நான் சற்று மேலே நின்று கற்களைக் காலால் கிளறினேன். வெள்ளைத் தட்டில் கொட்டியதும் எங்கு பார்த்தாலும் நெளிவு. மேஃபிளையின் இளம்பூச்சிகள், கல்லோடு ஒட்டிக் கிடக்கத் தோதாகத் தட்டையாக இருந்தன. வயிற்றின் இருபுறமும் செவுள்கள். இரண்டு கற்களுக்கு நடுவே காடிஸ்ஃபிளைப் புழு பின்னிய வலை ஒன்று, விரல்நகம் அகலம்தான் இருக்கும். வலையின் வாய் ஓட்டத்தைப் பார்த்திருந்தது, உள்ளே பாசித் துணுக்குகள். தண்ணீர் கொண்டுவந்து தந்தால்தான் அந்தப் புழுவுக்குச் சாப்பாடு.

11 பிப்ரவரி, ஞாயிறு. செருதோணி

இடுக்கி வளைவு அணை பெரியாற்றையும், செருதோணி அணை அதன் துணையாற்றையும் மறிக்கின்றன. மூன்றாவது அணை குளமாவு. மூன்றும் சேர்ந்து ஒரே நீர்த்தேக்கம். தேங்கிய தண்ணீர் குளமாவுப் பக்கம் சுரங்கத்தில் நுழைந்து, மலையைக் கடந்து, மூலமற்றத்தில் பூமிக்கடியில் உள்ள மின்நிலையத்தில் விழுகிறது. அங்கிருந்து தொடுபுழா ஆறு வழியாக மூவாற்றுப்புழைக்குப் போகிறது. பெரியாற்றுக்குத் திரும்புவதே இல்லை.

செருதோணி அணைக்குக் கீழே பாறையும் இடையிடையே குட்டையும்தான். ஓட்டம் இல்லாத இடத்தில் வலை எதற்கு? கையால் கல்லைப் புரட்டினோம். ரத்தப்புழு, கொசுப்புழு, முதுகால் நீந்தும் பூச்சி. நேற்றுப் பார்த்த தட்டை மேஃபிளை ஒன்றுகூட இல்லை. தலைக்கு மேல் மட்டும் தும்பிகள் கூட்டம்.

“அண்ணே, தும்பி நேத்தைக் காட்டிலும் இங்கதானே ஜாஸ்தி?”

சரியாகத்தான் கேட்டான். தலையை எண்ணினால் குறை தெரியாது. குட்டையில் பெருகுகிற தும்பி கம்பத்துக் கண்மாயிலும் இருக்கும், ஆப்பிரிக்காவிலும் இருக்கும். ஓடுநீரை நம்பிய இனங்களில் பல மேற்குத்தொடர்ச்சி மலையை விட்டால் வேறெங்கும் இல்லாதவை.

டீக்கடைக்காரர் 2018 ஆகஸ்ட் 9 பற்றிச் சொன்னார். 26 வருஷத்துக்குப் பிறகு மதகு திறந்த நாள். பஸ் நிலையம் வரை அடித்துக்கொண்டு போயிற்று. குட்டையிலும் கசிவிலும் பிழைத்துக் கிடந்ததுக்கு அந்த வெள்ளம் எந்த வகையில் உதவியிருக்கும்? வருஷக்கணக்கில் ஒன்றுமில்லை, பிறகு மொத்தமாக எல்லாம்.

12 பிப்ரவரி, திங்கள். மூலமற்றம்

1976இல் இதே தேதியில்தான் இந்திரா காந்தி இந்த மின்நிலையத்தைத் தொடங்கி வைத்தார். இப்போது 6 இயந்திரங்கள், 780 மெகாவாட்.

பெரியாற்றில் எடுத்த தண்ணீரெல்லாம் இங்கே ஓடுகிறது; பூச்சிக்குக் கொண்டாட்டம் என்று நினைக்கத் தோன்றும். மாலை 5 மணிக்கு ஒரு கல்லில் நீர்மட்டத்துக்குச் சாக்பீஸ் கோடு போட்டேன். ஊரெல்லாம் விளக்கு போடுகிற நேரத்துக்குக் கோடு தண்ணீருக்குள் போய்விட்டது. மின்தேவை ஏறினால் ஆறும் ஏறும்.

13 பிப்ரவரி, செவ்வாய். மூலமற்றம்

காலையில் தண்ணீர் இறங்கியிருந்தது. நேற்றிரவு நனைந்த கல்லின் பக்கவாட்டில் வெளிர்மஞ்சளாக ஒரு முட்டைப் படலம். நகத்தால் தொட்டதும் பொடியாக உதிர்ந்தது.

ஆற்றுப்பூச்சிகள் பல, அந்தியில் கரையோரக் கல்லில் இறங்கி நீர்விளிம்பில் முட்டையிடும். அந்தியில் நீர் உயர்ந்திருந்தால் முட்டையும் உயரத்தில். விடிந்ததும் வெயிலில்.

அமெரிக்காவின் கொலராடோ ஆற்றில், கிளென் கேன்யன் அணைக்குக் கீழே ஆய்வாளர்கள் இதைத்தான் கண்டுபிடித்தார்கள். கிராண்ட் கேன்யன் படகோட்டிகள் அந்திதோறும் விளக்குப்பொறி வைத்துப் பிடித்துத் தந்த பூச்சிகள்தான் ஆதாரம். ஆய்வு 2016இல் வெளியானது. 2018 மே முதல் ஆகஸ்ட் வரை சனி, ஞாயிறுகளில் மட்டும் தண்ணீரை ஏற்றி இறக்காமல், தாழ்வாக, ஒரே சீராக விட்டுப் பார்த்தார்கள். காடிஸ்ஃபிளை கூடியது. வார நாட்களில் மின் உற்பத்தி வழக்கம்போல நடந்தது.

14 பிப்ரவரி, புதன். கம்பம்

குப்பிகளுக்குச் சீட்டு ஒட்டிக்கொண்டே முருகேசன் கேட்டான்: “அணைக்குக் கீழ கொஞ்சம் தண்ணி விட்டாப் போதும்ல, அண்ணே?”

மூவாற்றுப்புழைப் பாசனமும் குடிநீரும் மூலமற்றத்தில் வெளிவரும் தண்ணீரை நம்பி இருக்கின்றன. ஆற்றைத் திருப்பிக் கொடு என்று யாரும் கேட்க முடியாது. ஆனால் வினாடிக்கு இத்தனை லிட்டர் என்று கணக்கு எழுதிவிட்டால் பூச்சி பிழைத்துவிடாது. மூலமற்றத்தில் தண்ணீருக்குக் குறைவில்லை, ஆனாலும் முட்டை காய்கிறது. செருதோணிக்கு வேண்டியது கோடையிலும் நிற்காத ஓட்டம். மூலமற்றத்துக்கு வேண்டியது, பூச்சி முட்டையிடும் மாதங்களில் வாரத்துக்கு இரண்டு நாளாவது ஏறி இறங்காத தண்ணீர். பின்னதற்குப் புதிதாக எதையும் கட்ட வேண்டாம். இயந்திரங்களை ஓட்டும் அட்டவணையை மாற்றினால் போதும்.

தென்மேற்குப் பருவமழை பிடிப்பதற்குள் இன்னொரு நடை போக வேண்டும். இந்த முறை கற்களுக்கு எண் போட பெயின்ட் எடுத்துப் போகணும். சாக்பீஸ் ஒரு ராத்திரிகூடத் தாங்கவில்லை.