எஞ்சியிருக்கும் அடைப்புகள்

மாரடைப்பு வந்தவரை நள்ளிரவில் மருத்துவமனையில் சேர்த்து, அடைபட்ட இரத்தக்குழாயை ஸ்டென்ட் பொருத்தித் திறந்தாயிற்று. வெளியில் காத்திருப்போர் சற்றே மூச்சுவிடும் வேளையில் மருத்துவர் வந்து, "வேறு இரண்டு குழாய்களிலும் அடைப்பு உள்ளது, அதைப் பிறகு பார்ப்போம்" என்கிறார். திறந்ததோடு அவற்றையும் ஏன் சரிசெய்யவில்லை என்று உறவினர் மனம் குமுறுவது இயல்பே. பணம் பறிக்கும் தந்திரமோ என்று ஐயுறுவோரும் உண்டு.

மருத்துவ உலகமும் இக்கேள்வியோடு நெடுங்காலம் போராடியது. இரத்த அழுத்தம் வீழ்ந்து இதயம் துவண்ட நிலையில் வருவோரைப் பற்றி, ஜெர்மானிய மருத்துவர்கள் தலைமையிலான ஆய்வொன்று 2017-இல் வெளிவந்தது. எல்லாக் குழாய்களையும் ஒரே வேளையில் திறந்தவர்களுள் 55.4 விழுக்காட்டினர், முப்பது நாட்களுக்குள் இறந்தனர் அல்லது டயாலிசிஸ் தேவைப்படும் அளவுக்குச் சிறுநீரகம் பழுதுற்றனர். மாரடைப்புக்குக் காரணமான குழாயை மட்டும் திறந்தவர்களுள் அது 45.9 விழுக்காடே. ஆகவே, அந்த இரவில் மற்றவற்றைத் தொடாதிருப்பது அலட்சியம் ஆகாது.

அதற்காக அவற்றை மாத்திரைகளிடம் மட்டும் ஒப்படைத்துவிடலாமா? முன்னாளில் பெரும்பாலும் அப்படித்தான் நடந்தது. 31 நாடுகளில் 4,041 பேரைக் கொண்டு கனடா மருத்துவர்கள் நடத்திய 'கம்ப்ளீட்' ஆய்வு 2019-இல் வெளியானது. இவர்கள் முதல் சிகிச்சையில் நலமுடன் தேறியவர்கள். ஏறத்தாழ மூன்றாண்டுகளில் இதய நோயால் இறந்தவர்களும் மீண்டும் மாரடைப்புக்கு உள்ளானவர்களும், ஒரு குழாய் மட்டும் திறக்கப்பட்டவர்களில் 10.5 விழுக்காடு, முக்கியமான மற்ற அடைப்புகளும் நீக்கப்பட்டவர்களில் 7.8 விழுக்காடு. பெரிதும் குறைந்தது மறு மாரடைப்புதான், மரணம் அன்று. அதுவும் சிறிய பேறன்று. இரண்டாம் சிகிச்சையை மருத்துவமனையில் இருக்கும்போதே செய்தாலும், வீடு திரும்பியபின் 45 நாட்களுக்குள் செய்தாலும் பலன் வேறுபடவில்லை.

இடர் இருப்பது அந்த இடைவெளியில்தான். வலி நின்றுவிடுகிறது, முகம் தெளிகிறது, இனி எதற்கு என்று தோன்றுகிறது. அறுபத்தாறு வயதுப் பெரியவர் ஒருவர், பேத்தியின் திருமணம் முடியட்டும் என்று தவணை கேட்டார். அதற்கு இன்னும் மூன்று மாதங்கள் இருந்தன. மருத்துவர் இசையவில்லை. குறித்த நாள் அஷ்டமி என்று அவருடைய மனைவி தயங்கியபோது மட்டும், மருத்துவர் சிரித்துக்கொண்டே இரண்டு நாள் தள்ளிக் கொடுத்தார். அதற்குமேல் ஒரு நாளும் தரவில்லை.