ஸ்கார்பரோவில் ஒரு வெளிக்குழாய்

அம்பத்தூரில் எங்கள் வீட்டு வாசலில் சம்ப், கொல்லையில் இரண்டு டிரம், சமையலறையில் நாலு குடம். "இரண்டு பேருக்கு எதுக்கு இவ்வளவு?" என்று என்னவர் கேட்பார். 2019 கோடையில் புழலும் செம்பரம்பாக்கமும் வறண்டபோது, லாரித் தண்ணீருக்கு வரிசையில் நின்ற கை இது. தண்ணீரைக் கண்டால் பிடித்து வைக்கத்தான் தோன்றும். அந்தக் கையோடுதான் 2023 அக்டோபரில் பெண்ணின் பிரசவத்துக்காகக் கனடா போனேன்.

டொரான்டோ நகரின் கிழக்குப் பகுதி ஸ்கார்பரோ. கடையில் முருங்கைக்காய், பஸ்ஸில் யாழ்ப்பாணத் தமிழ், வீட்டுக்குப் பக்கத்திலேயே கோயில். குளிர் மட்டும் இல்லாவிட்டால் ஊரை விட்டு வந்த மாதிரியே இருக்காது!

போன நாலாம் நாள், தெருக்கோடியில் நகராட்சி ஆட்கள் தீயணைப்புக் குழாயைத் திறந்துவிட்டார்கள். தண்ணீர் ஆறாக ஓடிச் சாக்கடையில் விழுந்தது. எனக்கு வயிறு எரிந்தது. மாப்பிள்ளை சிரித்தார்.

"வீணாக்கலை அத்தை. இது முட்டுத்தெரு. தண்ணி ஓடாம நிக்கிறதால குழாய்க்குள்ள துரு, வண்டல் படியும். அதை வேகமா அடிச்சுத் தள்ளிடறாங்க."

ரெண்டு நாள் கழித்துத் தண்ணீர் வந்தால் முதல் குடத்தைக் கலங்கல் என்று நாம் கொட்டுகிறோமே, அதே கதைதான்.

பிறகு அவர் சொன்னதுதான் எனக்குப் புதிது. தரைக்கு மேல் தெரியும் அந்தக் குழாய் வெறும் கூடு. தண்ணீரை அடைக்கும் வால்வு, உறைபனி எட்டாத ஆழத்தில், சுமார் 4 அடிக்கும் கீழே இருக்கிறது. வேலை முடிந்து வால்வை மூடினால், அடியில் ஒரு சின்ன ஓட்டை திறந்துகொள்ளும். கூட்டில் மிச்சமுள்ள தண்ணீர் அதன் வழியே சரளைக்கல்லில் வடிந்துவிடும். மண் ஈரமாகி வடியாத இடத்தில் பம்பு வைத்து இறைத்து விடுவார்களாம். கலிபோர்னியா மாதிரி உறைபனி இல்லாத இடங்களில் வாய்வரை தண்ணீர் நிற்கும்படியே குழாய் வைக்கிறார்கள்.

எதற்கு இத்தனை பாடு? 100 படி தண்ணீர் ஐஸானால் சுமார் 109 படி இடம் கேட்கும். மூடிய குழாயில் அந்த இடம் ஏது? இரும்பானாலும் பிளந்துவிடும்.

வீட்டு வெளிக்குழாயும் அதற்குத் தம்பிதான். பிடி வெளியே இருக்கும். தண்ணீரை அடைக்கும் இடமோ சுவருக்கு உள்ளே, கதகதப்பான பக்கத்தில். மூடியதும் மிச்சத் தண்ணீர் வாய் வழியே வடிந்துவிடும். ஆனால் வாயில் ஹோஸ் மாட்டியிருந்தால் வடியாது. மாப்பிள்ளை ஹோஸைக் கழற்றிச் சுருட்டி வைத்து, "இனிமே மாட்ட வேணாம் அத்தை" என்றார். நானும் தலையை ஆட்டினேன்.

குழந்தை பிறந்து இருபதாம் நாள், கார்த்திகை தீபம் வந்தது. வாசல் கழுவாமல் எப்படி விளக்கு வைப்பது? மாப்பிள்ளை வெளியே போயிருந்தார். ஹோஸை மாட்டி, படி கழுவி, சின்னதாய்க் கோலம் போட்டேன். குழாயை இறுக்கி மூடினேன். ஹோஸைக் கழற்றப் போனால், உள்ளே இருந்த தண்ணீர் சிந்தியது. கொட்ட மனசு வரவில்லை. நாளைக்கு ஆகுமே என்று நுனியை மூடி, மாட்டினபடியே புதருக்குப் பின்னால் விட்டேன். அன்று ராத்திரி கடும் குளிர்.

ஒன்றும் நடக்கவில்லை. நானும் மறந்துபோனேன். மார்கழி பிறந்து, வெயிலடித்த ஒருநாள் மறுபடி வாசல் கழுவக் குழாயைத் திறந்தேன். தண்ணீர் மெதுவாக வந்தது. "அம்மா! கீழே தண்ணி!" என்று பெண் அலறினாள்.

நிலவறையில் சுவர் வழியே தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது. குழந்தைத் துணிகள் எல்லாம் நனைந்துவிட்டன. வீட்டைச் சூடாக்கும் அடுப்பும் அங்கேதான் இருந்தது. அதன் அடியில் தண்ணீர் நின்றதால் மாப்பிள்ளை ஓடிவந்து அணைத்துவிட்டார். பொழுது சாயச் சாய வீடு சில்லிட்டது. பிஞ்சுக் குழந்தையை மார்போடு அணைத்துக்கொண்டு, பக்கத்து வீட்டில் அந்த இரவைக் கழித்தோம். யாரும் என்னைத் திட்டவில்லை. அதுதான் எனக்குச் சுட்டது.

மறுநாள் குழாய் ரிப்பேருக்கு வந்த யாழ்ப்பாணத்துத் தம்பி, சுவரை வெட்டிக் குழாயைக் காட்டினார். விரல் நீளத்துக்கு விரிசல். குளிரில் எப்போதோ பிளந்துவிட்டது. வால்வு அதற்கும் உள்ளே இருந்ததால், திறக்கும்வரை கசியவில்லை.

"பைப்பைப் பூட்டினால் மட்டும் காணாது அம்மா, ஹோஸையும் கழட்ட வேணும்" என்றார். அப்போதுதான் நடந்ததை எல்லோரிடமும் சொன்னேன்.

குளிர் நாட்டுக்குப் பேறுகாலம் பார்க்கப் போகும் சகோதரிகளே, என்னிடமிருந்து கற்றுக்கொள்ளுங்கள். முதல் பனிக்கு முன்பே ஹோஸைக் கழற்றிவிடுங்கள். பழைய மாதிரிக் குழாயானால், உள்ளே இருக்கும் வால்வை மூடி, வெளிக்குழாயைத் திறந்து வடியவிடுங்கள். கடுங்குளிர் இரவில் வெளிச்சுவரை ஒட்டிய சமையலறைத் தொட்டியின் கீழ் அலமாரியைத் திறந்து வையுங்கள். குழாயில் நூல்போலத் தண்ணீர் ஓடட்டும். குழாய் உறைந்துவிட்டால் நெருப்பைக் காட்டக்கூடாது. குழாயைத் திறந்துவைத்து, தலை உலர்த்தும் மிஷினால் மெல்லச் சூடேற்றலாம், தண்ணீர் படாமல் பார்த்துக்கொண்டு. வீட்டின் தலைவால்வு எங்கே இருக்கிறது என்று போன அன்றே கேட்டுக்கொள்ளுங்கள். எனக்கு அது தெரியாததால், மாப்பிள்ளை வரும்வரை கையைப் பிசைந்துகொண்டு நின்றேன். வெளிக்குழாயை மூடியிருந்தாலே நின்றிருக்கும். பதற்றத்தில் அதுகூடத் தோன்றவில்லை.

அம்பத்தூர் திரும்பி, டிரம்மை வழக்கம்போல நிரப்பிக்கொண்டுதான் இருக்கிறேன். ஐப்பசி பிறந்தால் மாப்பிள்ளையிடமிருந்து ஒரு போட்டோ வரும். பேத்தியின் படமாக்கும் என்று ஆசையாய்த் திறந்தால், சுருட்டி வைத்த ஹோஸ்!