நீலாம்பரிக்கு ஒரு சாம்பிள்

எங்க ஊர்ப்பக்கம் சாம்பிள்னா வேற அர்த்தம் மக்களே. சரக்கு எடுக்க வந்தவருக்கு ரெண்டு வெடியை வெச்சுக் காட்டுறது. நான் ஒரு மாசமா அலைஞ்சது வயலின் சாம்பிளுக்கு.

கூடப் படிச்ச சிவகாசி நண்பன் ஒரு குறும்படம் எடுத்திருக்கான். பட்டாசு ஆலையில திரி சொருகியே அவனைப் படிக்க வெச்ச அவங்க அம்மாவைப் பத்தி. அவங்க இப்போ இல்லை. அவங்க முனகின தாலாட்டு ஒண்ணு, 20 செகண்டு, பழைய மொபைல்ல இருக்கு. நீலாம்பரி சாயல். கடைசி ஒன்றரை நிமிஷம் வசனம் கிடையாது, அந்த மெட்டு மட்டும் தனி வயலின்ல வேணும்னான். பட்ஜெட் 10,000 ரூபா.

நிஜமாவே ஒருத்தரை வாசிக்க வைக்கலாமேன்னு கேப்பீங்க. பயபுள்ள தினம் எடிட்டிங்கை மாத்துறான். ஒவ்வொரு தடவையும் மதுரையிலேர்ந்து யாரைக் கூப்பிடுறது? அப்படியே வந்தாலும் தீபாவளி நேரத்துல எங்க வீட்டு ரூம்ல மைக் வெச்சா, வயலினை விட லட்சுமி வெடி தான் நல்லா பதிவாகும் :-)

முதல்ல ஏமாந்தேன். டெமோ கேட்டு மயங்கி 4,000 ரூபாய்க்கு ஒரு லைப்ரரி வாங்கினேன் (பேர் வேணாம்). ராத்திரி பூரா டவுன்லோட். அப்புறம் தான் தெரியுது, அதுக்கு காசு கொடுத்து வாங்குற முழு கான்டாக்ட் வேணுமாம். இலவச பிளேயர்ல கால் மணி நேரம் ஓடி நின்னுடும். இறக்கியாச்சுன்னா பணம் வாபஸ் கிடையாது. பொட்டி தட்டுறதே பொழப்பா இருந்தும் இதைப் படிக்காம வாங்கினேன் பாருங்க!

மதுரையில ஸ்டுடியோ வெச்சிருக்குற ஒரு அண்ணன் கிட்ட போய் உக்காந்தேன். எம்பர்டோனோட ஜோஷுவா பெல் வயலினைப் போட்டுக் காட்டினார். மேற்கத்திய மெட்டு வாசிச்சா கண்ணு கலங்குது. நீலாம்பரி வாசிச்சா நமக்குத் தான் கலங்குது. லைப்ரரி மேல தப்பில்லை. பதிவான ஸ்வரங்களைத் தொடுத்துக் கோர்க்குறது தான் சாம்பிள் வேலை. நம்ம ராகத்துல காந்தாரமும் மத்தியமமும் ஊஞ்சல் மாதிரி ஆடணும். அதைப் பிட்ச் வீலால இழுத்தா, ஒலிக்குள்ள ஏற்கெனவே இருக்குற வைப்ரேட்டோவும் சேர்ந்து இழுபடுது. அசைவு மேல அசைவு, அழுகுற குழந்தைக்கு விக்கல் வந்த மாதிரி. கூட்டமா 20 வயலின்னா இதெல்லாம் மறைஞ்சிடும். தனி வயலின்ல ஒளிய இடமே இல்லை.

இத்தனைக்கும் பாலுசாமி தீட்சிதர் காலத்துல வயலின் நம்ம கச்சேரிக்குள்ள வந்து இவ்வளவு ஒட்டிக்கிட்டதுக்கு ஒரு காரணம், அதுல வீணை மாதிரி மெட்டுக்கட்டை கிடையாது, விரல் இஷ்டத்துக்கு வழுக்கலாம்ங்கிறது தான். நான் அதைக் கீபோர்டுக்குள்ள அடைக்கப் பார்க்குறேன்!

அடுத்து அண்ணன் ஸ்வாம் வயலினைத் திறந்தார். அது தந்தியும் வில்லும் எப்படி ஒலிக்கும்னு கணக்குப் போட்டு உருவாக்குற ரகம். ஜிபி கணக்குல இறக்க வேண்டியதில்லை. கட்டையை அழுத்தினேன், சத்தமே வரலை. "எக்ஸ்பிரஷனை ஏத்து தம்பி, அது தான் வில்லு"ன்னார். ஒரு கையில ஸ்வரம், இன்னொரு கையில வில்லு, நடுவுல பிட்ச் வீலுக்கு மூணாவது கை வேணும். ஒலி கொஞ்சம் காஞ்சாப்ல தான் இருந்துச்சு. ஆனா வைப்ரேட்டோவை சுத்தமா அணைச்சிட்டு வீலைத் தள்ளினா, மத்தியமம் ஆடிச்சு. பட்ஜெட்டைத் தாண்டுச்சு. ஆளுக்குக் கொஞ்சம் போட்டு வாங்கிட்டோம்.

விருதுநகர் வீட்டுல நாலு ராத்திரி. அசைவை முதல்ல, வில்லை அப்புறம்னு தனித்தனியா பதிஞ்சேன். நண்பன் வந்து ஹெட்போன்ல கேட்டான். ரொம்ப நேரம் பேசலை.

"நல்லாருக்குடா. ஆனா எங்கம்மா இந்த இடத்துல மூச்சு எடுப்பாங்க."

மொபைல் பதிவைத் திரும்பப் போட்டோம். ஆமா, எடுக்குறாங்க. அந்த இடத்துல எக்ஸ்பிரஷன் கோட்டைப் பூஜ்யத்துக்கு இறக்கி, அரை செகண்டு விட்டு, மறுபடி ஏத்தினேன்.