அப்டேட் போட்ட பொட்டியும் லைஃப் சர்டிபிகேட்டும்

முதல்லயே ஒரு டிஸ்கி போட்டுடறேன். இந்தப் பதிவுல கடைக்காரர் பேர் வராது. அவர் பொட்டியில ஓடுற இயங்குதளத்தோட பேரும், கைரேகைக் கருவி செஞ்ச கம்பெனி பேரும் வராது. எல்லாம் ஒரே குட்டையில ஊறின மட்டைங்கதான், ஒருத்தரை மட்டும் இழுத்து வச்சு என்ன ஆகப் போகுது?

"இவனுக்குக் கம்ப்யூட்டர் தெரியும்"னு ஊருக்குள்ள ஒரு தடவை பேர் வாங்கிட்டா போதும், அதோட தீர்ந்துது சோலி. கல்யாண வீட்டுப் பந்தியில சொதிக்குக் கை நீட்டும்போதுகூட, "தம்பி, நம்ம பொட்டி ரொம்ப மெதுவா ஓடுது, ஒரு எட்டு வந்து பாக்கப்படாதா"ன்னு எதிர் இலையில இருந்து குரல் வரும். அப்படி வந்த சோலிகள்ல ஒண்ணுதான் இது.

முருகன்குறிச்சிப் பக்கம் ஒரு ஜெராக்ஸ் கடை. ரெண்டு கம்ப்யூட்டர், ஒரு ஜெராக்ஸ் மெஷின், ஒரு பிரிண்டர், ஒரு கைரேகைக் கருவி, ஒரு ஃபேன். இவ்வளவுதான் சொத்து. பாளையில தடுக்கி விழுந்தா ஒரு காலேஜ், எந்திரிச்சா ஒரு ஸ்கூல். அதனால வருஷம் பூரா புராஜெக்ட், ரெக்கார்டு நோட்டு, ஹால் டிக்கெட்டுன்னு வியாபாரம் ஓடிரும். நவம்பர் மாசம் மட்டும் கூட்டமே வேற மாதிரி இருக்கும். தபால் இலாகா, ரயில்வே, டெலிபோன்ஸ்னு ரிட்டயர் ஆன பெரியவங்க மஞ்சப் பையோட வரிசையில உக்காந்திருப்பாங்க. லைஃப் சர்டிபிகேட் சீசன்!

தெரியாதவங்களுக்காக ஒரு வரி. மத்திய அரசு பென்ஷன் வாங்குறவங்க வருஷா வருஷம் நவம்பர் மாசம் "நான் உயிரோட இருக்கேன்"னு சான்று கொடுக்கணும். 80 வயசு தாண்டினவங்க அக்டோபர் 1-லயே கொடுக்க ஆரம்பிக்கலாம். முன்னெல்லாம் பேங்குக்கு நேர்ல போய் நின்னு கையெழுத்துப் போடணும். 2014 நவம்பர்ல ஜீவன் பிரமாண் வந்த பிறகு ஆதார் நம்பரைச் சொல்லி, கைரேகை வச்சாப் போதும். நல்ல ஏற்பாடுதான், சந்தேகமே இல்லை. ஆனா நம்ம உசுருக்கு இப்போ சாட்சி சொல்றது ஒரு கம்ப்யூட்டர், அதுல சொருகின ஒரு சின்னக் கருவி.

அந்த சாட்சி ஒரு நாள் காலையில பிறழ்சாட்சி ஆயிருச்சு.

நடந்தது இதுதான். ராத்திரி கடையைச் சாத்தும்போது பொட்டி "பாதுகாப்பு அப்டேட் வந்திருக்கு, போட்டுட்டு அணைக்கட்டுமா"ன்னு கேட்டிருக்கு. அண்ணாச்சியும் ஷட்டரை இறக்குற அவசரத்துல சரின்னு அமுக்கிட்டுப் போயிட்டார். காலையில வந்து ஆன் பண்ணினா வட்டம் சுத்துது. 30 சதவீதம். டீ குடிச்சிட்டு வந்தா 35. தினத்தந்தியை வரி விடாம படிச்சு முடிச்சா, அப்பவும் 35. அவ்வ்வ்வ்! ஒரு வழியா திரை வந்து பார்த்தா, கைரேகைக் கருவியில எரிய வேண்டிய விளக்கு எரியலை. கழட்டி மாட்டினாலும் எரியலை, துளை மாத்திச் சொருகினாலும் எரியலை. எனக்கு போன் வந்துது.

நான் போய்ச் சேரும்போது வரிசையில முதல் ஆளா ஒரு பெரியவர். வயசு எண்பத்தொண்ணு, கிருஷ்ணாபுரத்துல இருந்து பஸ் ஏறி வந்திருக்கார். ஏற்கெனவே ரேகை தேய்ஞ்ச விரல். நாலு விரலையும் மாத்தி மாத்தி வச்சாத்தான் ஒண்ணாவது விழும். இப்போ அதுக்கும் வழியில்லை.

"ஏ தம்பி, நான் உசுரோட இருக்கனா இல்லையா? உங்க பொட்டி என்னதான் சொல்லுது?"

"கோவப்படாதீங்கய்யா, ராத்திரி அப்டேட் ஆயிருக்கு. அதான் இப்படி."

"யாரைக் கேட்டு ஆச்சு?"

கடையில யாருகிட்டயும் இதுக்குப் பதில் இல்லை. என்கிட்டயும்தான்.

அவருக்கு உடனே ஒரு வழி இருந்தது. 2021 நவம்பர்ல இருந்து முகத்தை வச்சே இந்தச் சான்று எடுக்கிற வசதி வந்தாச்சு. என் போன்ல அதுக்கான ரெண்டு செயலிகளையும் இறக்கி, அவரை வெளிச்சத்துல உக்கார வச்சு, "ஐயா, கண்ணை மூடித் தொறங்க"ன்னு சொன்னேன். மூணாவது தடவை ஏத்துக்கிச்சு. "கடைசியில கண்ணைச் சிமிட்டித்தான் உசுர் இருக்குன்னு காட்ட வேண்டியிருக்கு"ன்னு சொல்லிட்டு, தாளை மடிச்சுப் பையில வச்சுக்கிட்டுக் கிளம்பினார். பின்னால இருந்த ஏழெட்டுப் பேர்ல நாலு பேர் அதுக்குள்ள வீட்டுக்குத் திரும்பிப் போயிட்டாங்க. போனவங்க மறுபடி வரணும்னா மறுபடி பஸ், மறுபடி வெயில், கூட ஒரு துணை. 30-ஆம் தேதி தாண்டினா பென்ஷன் நிக்குமோங்கிற பயம் வேற.

பொட்டிக்கு என்ன ஆச்சுன்னா: இந்தக் கருவி வேலை செய்ய மூணு பேரு ஒத்துப் போகணும். இயங்குதளம், கருவியோட டிரைவர், அப்புறம் ஆர்.டி. சர்வீஸ்னு பின்னணியில ஓடுற ஒரு சின்ன நிரல். ஆதார் பக்கம் போற ரேகையை ரகசியக் குறியா மாத்திக் கையெழுத்துப் போட்டு அனுப்புறது இந்த மூணாவது ஆளு. அப்டேட் வந்து கதவைக் கொஞ்சம் இறுக்கமாச் சாத்துச்சு. பழைய டிரைவரைப் பார்த்து "நீ யாரு, உன் அடையாளம் சரியில்லையே"ன்னு வெளிய நிறுத்திருச்சு. அது செஞ்சது ஒரு வகையில நியாயம்தான், வாட்ச்மேன் வேலையே அதுதானே. ஆனா வெளிய நிறுத்தினது வீட்டுக்காரனையில்ல! புது டிரைவரைத் தேடி இறக்கி, பழசைச் சுத்தமாத் துடைச்சு, புதுசைப் போட்டு, சர்வீஸை மறுபடி ஓடவிட்டு நிமிரும்போது மணி மூணு. அன்னிக்கு வியாபாரம் அம்போ.

அண்ணாச்சி தீர்மானமாச் சொன்னார்: "தம்பி, இனிமே இந்தச் சவத்தெழவு அப்டேட்டே வேண்டாம். மொத்தமா ஆஃப் பண்ணிவிட்டிருங்க."

இங்கதான் எனக்குத் தர்மசங்கடம். அவர் கோவம் நூத்துக்கு நூறு நியாயம். அப்டேட்டுகள் சொதப்பின வரலாறு சின்னதில்லை. 2018 ஜனவரியில மெல்ட்டவுன், ஸ்பெக்டர் ஓட்டைகளை அடைக்க மைக்ரோசாஃப்ட் விட்ட அப்டேட், ஏ.எம்.டி. சில்லு போட்ட சில பழைய பொட்டிகளை எழும்பவே விடாமப் பண்ணுச்சு, பாதியில நிறுத்த வேண்டியதாச்சு. அதே வருஷம் அக்டோபர்ல வந்த பெரிய அப்டேட் சிலபேரோட கோப்புகளையே அழிச்சுது. அதையும் நிறுத்தி, நவம்பர்லதான் மறுபடி விட்டாங்க. 2021 செப்டம்பர்ல பிரிண்டர் ஓட்டையை அடைக்கப் போய், ஒரு கம்ப்யூட்டர்ல மாட்டி நாலு கம்ப்யூட்டர்ல பகிர்ந்துக்கிற பிரிண்டரெல்லாம் பல ஆபீஸ்கள்ல படுத்துக்கிச்சு. 2024 ஜூலை 19 கதை எல்லாருக்கும் தெரியும். கிரவுட்ஸ்டிரைக்ங்கிற பாதுகாப்பு நிறுவனம் அனுப்பின ஒரே ஒரு கோப்பால சுமார் 85 லட்சம் விண்டோஸ் பொட்டிகள் நீலத் திரை காட்டிச்சு. நம்ம நாட்டு ஏர்போர்ட்டுகள்ல போர்டிங் பாஸைக் கையால எழுதிக் கொடுத்தாங்க. பாதுகாக்க வந்தவனே படுக்க வச்ச கதை.

ஆனா மறுபக்கமும் இருக்கே. கொஞ்சம் கொசுவத்தி சுத்துறேன். 2003 ஆகஸ்ட்ல பிரவுசிங் சென்டர்ல உக்காந்தவங்களுக்கு ஞாபகம் இருக்கும். திடீர்னு ஒரு சின்னப் பொட்டி வந்து, 60 விநாடியில அணையப் போறேன்னு எண்ண ஆரம்பிக்கும். பிளாஸ்டர் புழு. அதுக்கான மருந்து ஜூலை 16-ஆம் தேதியே வந்தாச்சு, புழு கிளம்பினது ஆகஸ்ட் 11. நடுவுல 26 நாள். டயலப் காலத்துல யாரு இறக்குறது! 2017-ல வான்னாக்ரை வந்தப்பவும் இதே கதைதான். மார்ச் 14-ல மருந்து, மே 12-ல நோய். 150-க்கும் மேற்பட்ட நாடுகள், ரெண்டு லட்சத்துக்கும் மேல பொட்டிகள். இங்கிலாந்துல ஆஸ்பத்திரிகள் நோயாளிகளைத் திருப்பி அனுப்பினாங்க. பக்கத்துல ஆந்திராவுல போலீஸ் கம்ப்யூட்டர்களே மாட்டிக்கிச்சு.

இன்னொரு விஷயம் பலபேருக்குத் தெரியாது. மருந்து வெளிய வந்த அடுத்த நிமிஷம் ஆபத்து கூடத்தான் செய்யும். பழைய கோப்பையும் புதுக் கோப்பையும் பக்கத்துல வச்சுப் பார்த்தா ஓட்டை எங்க இருந்துச்சுன்னு திருடனுக்கும் தெரிஞ்சு போயிருமே. பூட்டுக்கடைக்காரன் "இன்ன வீட்டுக் கொல்லைக் கதவு சரியில்லை, மாத்தியாச்சு"ன்னு ஊருக்கே தமுக்கடிச்ச மாதிரி. மாத்தாத வீடுகளைத் தேடிப் போக வேண்டியதுதான் பாக்கி.

அண்ணாச்சிகிட்ட இதையெல்லாம் சொல்லலை. ஒண்ணே ஒண்ணுதான் சொன்னேன். "அண்ணாச்சி, உங்க பொட்டியில எத்தனை பேர் ஆதார் நகல் கிடக்கு? எத்தனை பேர் பேங்க் புக்கு, ஜாதிச் சான்று, பத்திரம் ஸ்கேன் பண்ணிக் கிடக்கு? தெனமும் எத்தனை பிள்ளைங்க பென்டிரைவ் சொருகுதுங்க?" கொஞ்ச நேரம் பேசலை. அப்புறம், "அது நம்மள நம்பிக் கொடுத்ததுல்லா"ன்னார். நான் எதிர்பார்த்த பதில் அதுதான். கடை ஒரு நாள் படுத்தா அண்ணாச்சிக்கு நட்டம். ஓட்டை தொறந்து கிடந்தா நட்டம் பாளையில பாதி வீட்டுக்கு.

அதனால ஆஃப் பண்ணலை. பேசி ஒரு ஏற்பாட்டுக்கு வந்தோம். உங்க கடைக்கோ ஆபீஸுக்கோ உதவலாம்:

1. ரெண்டு பொட்டியும் ஒரே நாள்ல அப்டேட் ஆகக் கூடாது. ஒண்ணு முதல்ல, அது நல்லபடியா ஓடினா அஞ்சாறு நாள் கழிச்சு அடுத்தது. தள்ளிப்போடுறது ஒரு வாரம் வரைக்கும்தான், மாசக்கணக்குல இல்லை.

2. சீசன் நேரத்துல அப்டேட் சனிக்கிழமை ராத்திரி. ஞாயித்துக்கிழமை போய் ஒரு தடவை எல்லாக் கருவியையும் சோதிச்சிரணும்.

3. போடுறதுக்கு முன்னால மீட்புப் புள்ளி ஒண்ணு. முக்கியமான கோப்புகள் வெளி வட்டுல ஒரு நகல். நகல் எடுத்ததும் வட்டைக் கழட்டிரணும், சொருகியே வச்சிருந்தா அது நகல் இல்லை.

4. எல்லாக் கருவிகளோட இப்போதைய டிரைவரும் ஒரு பென்டிரைவ்ல.

5. வேலை முடிஞ்சதும் அடுத்தவங்க ஆதார் நகலை அழிச்சிரணும். இல்லாததை யாரும் திருட முடியாதுல்லா.

எனக்கு ஒரே ஒரு ஆதங்கம். ஓட்டை அடைக்கிற அப்டேட்டை அதுக்கு மட்டும் தனியாக் கொடுங்கப்பா. அதோட புதுப் பொத்தான், புது விளம்பரம், கேக்காத உதவியாளர்னு எல்லாத்தையும் சேர்த்துக் கட்டி அனுப்பாதீங்க. மருந்துச் சீட்டோட மளிகைச் சாமானையும் கட்டாயம் வாங்கச் சொன்னா, ஜனம் மருந்தையும் சேர்த்துத்தான் வேண்டாம்னு சொல்லும். அப்புறம், எதை மாத்தினீங்க, எது வேலை செய்யாமப் போகலாம்னு நாலு வரி தமிழ்ல சொல்லுங்க. "அறியப்பட்ட பிரச்சினை"ன்னு எங்கயோ ஒரு மூலையில இங்கிலீஷ்ல எழுதி வச்சா, கிருஷ்ணாபுரத்துல பஸ்ஸுக்கு நிக்கிறவருக்கு எப்படித் தெரியும்?

இன்னொரு பக்கம் பார்த்தா, அப்டேட்டே வராத பொட்டிகள்தான் இப்போ பெரிய கவலை. விண்டோஸ் 10-க்கு வழக்கமான இலவசப் பாதுகாப்பு அப்டேட் 2025 அக்டோபர் 14-ஓட முடிஞ்சுது. தனியாப் பதிஞ்சுக்கிட்ட வீட்டுப் பொட்டிகளுக்கு மட்டும் 2026 அக்டோபர் 13 வரைக்கும்னு ஒரு வருஷம் நீட்டிச்சாங்க. பழைய பொட்டி நிறையப் புதுசுக்கு ஏறாது. உங்க தெருக் கடையில இருக்கிறது அப்படியான்னு அடுத்த தடவை பிரிண்ட் எடுக்கப் போகும்போது ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்க. உங்க ஆதார் நகலும் அதுலதான் கிடக்கும்.

உங்க ஊர்ல அப்டேட் என்னத்தைப் படுக்க வச்சுது, எப்படி எழுப்புனீங்கன்னு நேரம் கெடைக்கும்போது எழுதுங்க மக்களே. அடுத்தவனுக்கு மூணு மணி நேரம் மிச்சமாகும் :-)