லாட் எண்

.22 தோட்டாப் பெட்டி கைக்கு வந்ததும் நான் முதலில் தேடுவது லாட் எண்ணை, அதாவது அது எந்தத் தயாரிப்புத் தொகுதியைச் சேர்ந்தது என்று காட்டும் எண்ணைத்தான். ஒரே கம்பெனி, ஒரே பெயர், ஒரே விலை. ஆனாலும் லாட் மாறினால் என் ரைஃபிளுக்கு அது வேறு தோட்டா.

வெளிநாட்டு வேட்டைக்காரர்கள் பலர் தோட்டாவைத் தாங்களே நிரப்புகிறார்கள். மருந்தைத் தராசில் நிறுத்து, அளவைச் சிறுகச் சிறுக மாற்றி, தங்கள் பேரலுக்கு ஒத்துவரும் இடத்தைத் தேடுவார்கள். இங்கே 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும் 1991 திருத்தமும் வேட்டைக்குக் கதவடைத்துவிட்டன. எங்களுக்கு இலக்கு மட்டும்தான். அதிலும் .22 தோட்டாவைத் திரும்ப நிரப்ப முடியாது. பற்றவைக்கும் மருந்து கேஸின் அடிவிளிம்புக்குள் பரவியிருக்கிறது; ஊசி அந்த விளிம்பை நசுக்கினால்தான் வெடிக்கும். நசுங்கியது நசுங்கியதுதான். ஆகவே அவர்கள் தராசில் தேடுவதை நாங்கள் லாட்டில் தேடுகிறோம்.

தேடுகிற இடம் வட்டியூர்க்காவு. 2015 தேசிய விளையாட்டுப் போட்டிக்காக எழுந்த ரேஞ்ச் அது. நாகர்கோவிலிலிருந்து திருவனந்தபுரத்துக்குக் குடிவந்த நாள்முதல் என் ஞாயிற்றுக்கிழமைகள் அங்கேதான். ஸ்டாக்கைக் கழற்றி, பேரலை வைஸில் இறுக்கிப் பூட்டி, 50 மீட்டரில் லாட்டுக்குப் பத்துப் பத்தாகச் சுடுவேன். ஈயக் குண்டின் மேல் பூசிய மெழுகு பேரலுக்குள் படியும். ஆகவே லாட் மாற்றும்போதெல்லாம் முதல் பதினைந்து ரவுண்டைக் கணக்கில் சேர்ப்பதில்லை. பழைய படிவு போய்ப் புதியது ஒட்ட வேண்டும்.

பத்து மதிப்பெண் வட்டத்தின் விட்டம் 10.4 மி.மீ. குண்டு 5.6 மி.மீ. துளையின் ஓரம் கோட்டைத் தொட்டாலே பத்து கிடைக்கும் என்பதால், துளைகள் எல்லாம் சேர்ந்து வெளிவிளிம்புக்கு வெளிவிளிம்பு 21.6 மி.மீ. வரை பரவலாம். ஒரு லாட் 16 மி.மீ.க்குள் நின்றால் மிஞ்சுவது ஐந்தரை மில்லிமீட்டர் சொச்சம். என் மூச்சு, நாடித்துடிப்பு, காற்று எல்லாம் அந்த இடைவெளிக்குள் அடங்கியாக வேண்டும். லாட் பரிசோதனை ஏன் இத்தனை முக்கியம் என்று கேட்பவர்களுக்கு இந்தக் கணக்கைத்தான் போட்டுக் காட்டுவேன்.

தொடக்கத்தில் எனக்கு இது பிடிபடவில்லை. ஐந்தே ரவுண்டு சுட்டேன். ஐந்தும் ஒரே ஓட்டையாகத் தெரிந்தது. அந்த லாட்டையே மொத்தமாக வாங்கிவிட்டேன். போட்டியன்று துளைகள் மேலும் கீழுமாக நீண்டன. "மோனே, அஞ்சு பொய் சொல்லும். நாற்பது சுடு, அப்புறம் நம்பு" என்றார் மூத்த மலையாளிப் பயிற்சியாளர். அன்றிலிருந்து ஒரு லாட்டுக்கு நாற்பதுக்குக் குறைத்ததில்லை.

மேலும் கீழுமாக நீள்வது பெரும்பாலும் வேகம் சீராக இல்லாததால். போட்டித் தோட்டா விநாடிக்கு ஏறக்குறைய 325 மீட்டர் வேகத்தில், ஒலியை முந்தாமல் போகும்படி செய்யப்படுகிறது. ஒரு ரவுண்டு 10 மீட்டர் வேகம் குறைந்து வந்தால், 50 மீட்டரில் ஏறக்குறைய 7 மி.மீ. தாழ்ந்து விழும். பத்து வட்டத்தின் ஆரமே 5.2 மி.மீ.தான்! வேகம் கூடுதலா குறைவா என்பதைவிட ஒவ்வொரு ரவுண்டும் ஒரே வேகத்தில் வருகிறதா என்பதுதான் எனக்கு வேண்டும்.

இடவப்பாதி மழை தொடங்கினால் பெட்டிகளைச் சிலிக்கா ஜெல்லோடு இறுக மூடிய டப்பாவில் வைக்கிறேன். ரேஞ்சுக்குப் போனதும் அரை மணி நேரம் நிழலில் வைத்துவிட்டுத்தான் எடுப்பேன். சூடு ஏறினால் வேகமும் மாறும். லாட் எண், தேதி, வெப்பநிலை, துளைகள் பரவிய அளவு எல்லாம் ஒரு நோட்டில் இருக்கின்றன. துளை விழுந்த தாள்களையும் அதிலேயே ஒட்டி வைத்திருக்கிறேன்.

போட்டிக்கு 60 ரவுண்டு. முன்னோட்டச் சுடுதலையும் சேர்த்தால் இரண்டு பெட்டி. இப்போது ஒத்துவந்திருக்கும் லாட்டில் நான்கு பெட்டி மிச்சம். அடுத்த ஞாயிறு மூன்று புது லாட்டுகளோடு வைஸுக்குப் போகிறேன்.